தனுஷ்கோடி: கணக்கு முடிக்காத ஒரு ரயில் நிலையம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்வார்கள். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நீராடிவிட்டுச் சாமி கும்பிடுவது ஒன்று. அது முடிந்ததும் ஒரு வேனையோ ஆட்டோவையோ பிடித்துத் தனுஷ்கோடி போய் வருவது இன்னொன்று.

வண்டி நிற்கும் இடத்தில் இடிந்த மாதா கோயில் இருக்கும். எல்லோரும் அங்கேதான் போட்டோ எடுப்பார்கள். சங்கு, பாசிமணி விற்கும் கடைகள், பொரித்த மீன் வாசனை. இதையெல்லாம் தாண்டிக் கொஞ்சம் தள்ளி, மணலுக்கு நடுவில், மொட்டையாகச் சில சுவர்கள் நிற்கும். பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மிச்சம். "அதுதாங்க ரயில்வே ஸ்டேஷன்" என்று டிரைவர் கை காட்டுவார். "இங்க எப்படி ரயில் வரும்? தண்டவாளமே காணோமே?" என்று வண்டியில் வந்த சின்னப் பிள்ளை யாராவது கேட்கும். "புயல்ல போயிருச்சு" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அடுத்த நிறுத்தம் அரிச்சல்முனை. அதோடு சரி.

புயலில் போய்விட்டது என்ற பதில் பொய் இல்லை. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கப்பலுக்காகப் பிறந்த ஸ்டேஷன்

ஊர் இருந்தால் ஸ்டேஷன் வரும். அதுதான் வழக்கம். தனுஷ்கோடியில் நடந்தது தலைகீழ். அங்கே முன்பே மீனவர்கள் இருந்தார்கள், சேதுவில் நீராட வரும் யாத்ரீகர்கள் இருந்தார்கள். ஆனால் ரயில் போடும் அளவுக்கு அங்கே ஒரு பெரிய ஊர் இல்லை. ரயில் வந்தது ஊருக்காக அல்ல, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த இலங்கைக்காக.

அதற்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டுமானால் தூத்துக்குடி வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல். கடல் பயணம் ஒரு இரவு முழுக்க. மழைக்காலக் கடலில் அந்த இரவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. படத்தை விரித்துப் பார்த்தால் ராமேஸ்வரம் தீவின் வால் நுனியில் இலங்கை கூப்பிடு தூரத்தில் இருப்பது போலத் தெரிகிறது. அப்படியானால் ரயிலை அந்த வால் நுனி வரைக்கும் கொண்டு போனால் என்ன? ஆதம் பாலத் திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டு இலங்கைக்கே ரயில் விடலாம் என்றுகூட ஆங்கிலேயர் காலத்தில் யோசித்தார்கள். செலவு கட்டுப்படி ஆகவில்லை. நடுவில் உள்ள கொஞ்சக் கடலைக் கப்பலில் கடக்கலாம், இரண்டு பக்கமும் ரயில் என்று முடிவானது.

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதை வந்தது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் கடல். அதன் மேல் 1911இல் வேலை தொடங்கி, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள பாம்பன் பாலம் கட்டி முடித்தார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. கப்பல் போக வழிவிட்டு இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும் அந்த நடுப்பகுதி, ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. அதே 1914இல் அக்கரையில் இலங்கை ரயில்வே தலைமன்னார் துறை வரைக்கும் பாதையை நீட்டியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாம்பன் அப்போது ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. கொழும்பு போகிற ரயில் ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே நுழையாமல் நேராகத் தனுஷ்கோடி போய்விடும். இன்றைக்கு ராமேஸ்வரம்தான் எல்லாம், தனுஷ்கோடி அதற்கு ஒரு துணைச் சுற்றுலா. அன்றைக்கு ரயில்வேக்குத் தனுஷ்கோடிதான் முக்கியம், ராமேஸ்வரம் ஒரு கிளை!

அந்த ரயிலுக்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர். எழும்பூரில் ராத்திரி ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கே கப்பல். சுமார் 22 மைல் கடல். அந்தப் பக்கம் தலைமன்னாரில் ரயில் தயாராக நிற்கும். இரண்டாவது ராத்திரி அதில் கழிந்தால் விடியும்போது கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் வைத்த நீராவிக் கப்பல்கள் ஓடின. பிறகு கோஷென், இர்வின் என்ற கப்பல்களும் வந்தன. கப்பல் நின்றுபோன பின்னாலும் ரயிலின் பெயர் நிற்கவில்லை. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ஒரு ரயிலை இன்றும் பழக்கத்தில் போட் மெயில் என்றே சொல்கிறார்கள். போட் இல்லாத போட் மெயில்.

ஒரே வாடிக்கையாளர்

கப்பலுக்காக ரயில் வந்தது. ரயிலுக்காக ஊர் வளர்ந்தது. சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், துறைமுக அலுவலகம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மாதா கோயில், பிள்ளையார் கோயில், சத்திரங்கள், சாப்பாட்டுக் கடைகள். கப்பல் வரும் நேரம்தான் ஊருக்குக் கடிகாரம். மூட்டை தூக்குகிறவரும் டீக்கடைக்காரரும் வாடகைக்கு அறை விடுகிறவரும் கப்பலைப் பார்த்துத்தான் அன்றைய வருமானத்தைக் கணக்குப் போட வேண்டும்.

வணிகவியல் வகுப்பில் அடிக்கடி சொல்லும் ஒரு பாடம் உண்டு. ஒரே வாடிக்கையாளரை நம்பி ஒரு தொழில் இருக்கக் கூடாது. அவன் கடையை மாற்றிக்கொண்டால் நீ எழுந்திருக்க முடியாது. தனுஷ்கோடி ஸ்டேஷனுக்கு அப்படி ஒரே வாடிக்கையாளர்தான். கப்பல்! இது அப்போது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியவில்லை. இரண்டு நாட்டு ரயில்வேயும் சேர்ந்து நடத்தும் கப்பல் எங்கே போய்விடும் என்ற நம்பிக்கை.

கழுத்தில் தகரம் கட்டியவர்கள்

போட் மெயில் என்றதும் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர்களும், மடிப்புக் கலையாத வேட்டியோடு கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போன செட்டியார்களும் பலருக்கு நினைவு வரலாம். அவர்களும் போனார்கள்தான். ஆனால் அந்தப் பாதையில் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் வேறு. தேயிலைத் தோட்டத்துக் கூலிகள்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கூட்டி வருவார்கள். மண்டபத்தில் இலங்கை அரசின் முகாம் இருந்தது. அம்மை, காலரா போன்ற தொற்றுநோய் அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று அங்கே சில நாள் அடைத்து வைத்துப் பரிசோதிப்பார்கள். பிறகுதான் தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' என்று ஒரு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த ஒரு சின்னத் தகடு. கூலிக்காரர் அதைக் கயிற்றில் கோர்த்துக் கட்டிக்கொள்வார். வழிச் செலவை அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் பற்று எழுதுவார்கள்.

கணக்குப்பதிவியல் படிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் கொஞ்சம் திக்கென்று இருக்கும். பற்று, வரவு, பேரேட்டு எண் எல்லாம் சரக்குக்கும் ரொக்கத்துக்கும் போடுவது. இங்கே அது மனிதரின் கழுத்தில் தொங்கியது. எவ்வளவு நேர்த்தியான முறை! ஒரு ஆள்கூடக் கணக்கில் விட்டுப் போக மாட்டார். பிற்பாடு நடந்ததைப் பார்க்கும்போது இது மறக்க முடியாத விஷயம் ஆகிவிடுகிறது.

1939இல் இலங்கைக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கியது. அவர்களை என்ன செய்வது என்று இரண்டு அரசுகளும் பல வருஷம் பேசி, கடைசியில் 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. அந்த லட்சக்கணக்கான மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்களின் பாட்டன் பாட்டிகள் போன அதே தனுஷ்கோடி வழியாகத்தான் அவர்கள் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் தனுஷ்கோடி ஸ்டேஷன் இல்லாமல் போய்விட்டது.

எண் 653

1964 டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. அது புயலாக மாறி மேற்கே நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வட பகுதியைக் கடந்து, அன்று இரவு பாம்பன் தீவின் மேல் வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கடல் அலை ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்தது.

தனுஷ்கோடியில் ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. வடக்கே அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இரைந்துகொண்டே இருப்பதை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்வார்கள். நடுவில் இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. ஓடிப் போக வேறு திசை கிடையாது. அந்த இரவில் இரண்டு கடலும் ஒன்றானது.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் பாசஞ்சர், எண் 653, இரவு 11.55க்குப் புறப்பட்டது. ஆறு பெட்டிகள். 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கஜம் முன்னால் சிக்னல் வேலை செய்யவில்லை. சுற்றிலும் இருட்டு, மழை, காற்று. டிரைவர் விசில் ஊதிக் காத்திருந்து பார்த்தார். பதில் இல்லை. பிறகு மெதுவாக வண்டியை நகர்த்தினார். அப்போது வந்த பேரலை ரயிலை அப்படியே விழுங்கிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

தந்திக் கம்பிகள் எல்லாம் அறுந்து போனதால், அப்படி ஒரு ரயில் போனது, அது வந்து சேரவில்லை என்ற செய்தி வெளி உலகத்துக்குத் தெரியவே இரண்டு நாள் ஆனது. இந்தியா, இலங்கை இரண்டிலும் சேர்த்து அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை.

ரயிலில் இறந்தவர்கள் 115 பேர். இந்த எண் எங்கிருந்து வந்தது? விற்ற டிக்கெட்டிலிருந்து வந்தது. 110 டிக்கெட், 5 ஊழியர். ஆனால் மீனும் கூடையுமாகக் கடைசிப் பாசஞ்சரில் தொற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கியிருப்பார்களா? டிக்கெட் இல்லாதவர்களையும் சேர்த்தால் 200 பேர் வரை இருக்கலாம் என்று அப்போதே பேச்சு இருந்தது. 115க்கும் 200க்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் யார் யார் விழுந்தார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் இல்லை.

கழுத்தில் தகடு கட்டி, ஒரு கூலிகூட விட்டுப் போகாமல் எண்ணி அனுப்பிய அதே பாதைதான் இது. அங்கே ஒவ்வொரு தலைக்கும் பணம் வர வேண்டியிருந்தது, அதனால் எண்ணினார்கள். இங்கே டிக்கெட் இல்லாதவரால் யாருக்கும் வர வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் எண்ண முடியவில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. கணக்கு என்பது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

46 நாள்

புயல் பாம்பன் பாலத்தையும் விடவில்லை. 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போய்விட்டன. தூக்குப் பாலப் பகுதி மட்டும் தப்பித்தது. பாலத்தைச் சரி செய்ய முதலில் ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள். பிறகு அது மூன்று மாதமானது. பொறுப்பு 32 வயதான ஒரு பொறியாளரிடம் கொடுக்கப்பட்டது. அவர்தான் பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிப் பெயர் பெற்ற ஈ. ஸ்ரீதரன். கடலுக்குள் விழுந்து கிடந்த கர்டர்கள் எங்கே இருக்கின்றன என்று மீனவர்கள் காட்டிக் கொடுக்க, அவற்றைத் தூக்கி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். 46 நாளில் வேலை முடிந்து பாலத்தில் ரயில் ஓடியது!

இந்த இடத்தில்தான் அந்தப் பாதிப் பதிலின் மீதிப் பாதி இருக்கிறது.

கடலுக்குள் போன 126 கர்டரை எடுத்து 46 நாளில் பாலம் கட்ட முடிந்தவர்களுக்கு, மணலில் ஒரு பாதையும் ஒரு ஸ்டேஷனும் மறுபடி கட்டுவது முடியாத காரியமா? திறமை போதாமல் அது நிற்கவில்லை. தேவை இல்லை என்பதால் நின்றது. பாம்பன் பாலம் இல்லாவிட்டால் ராமேஸ்வரம் தீவே துண்டாகிப் போகும், யாத்ரீகர்கள் வர முடியாது. அதனால் பாலம் அவசரம். தனுஷ்கோடி அப்படி இல்லை. கப்பலை ராமேஸ்வரத்திலிருந்தே விடலாமே? கடல் தூரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அப்படித்தான் நடந்தது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கப்பல் ஓடியது. ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் 'ராமானுஜம்' கப்பலில் வந்து இறங்கியதும் ராமேஸ்வரத்தில்தான். மண்டபம் முகாம் மறுபடி நிறைந்தது. போகும்போது அடைத்து வைத்த அதே இடம், வரும்போது வரவேற்கும் இடம்.

ஆக, புயல் ஸ்டேஷனை இடித்தது. அதை மூடியது கணக்கு. ஒரே வாடிக்கையாளர் கடையை மாற்றிக்கொண்டார்.

அந்த முடிவு தப்பா?

நேர்மையாகச் சொன்னால், தப்பு என்று சொல்ல முடியாது. எந்த நேரமும் நகர்ந்துகொண்டே இருக்கும் மணல், இரண்டு பக்கமும் கடல். இன்னொரு புயல் வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? அதே இடத்தில் ஊரைக் கட்டிக் கொடுத்துவிட்டு இன்னொரு டிசம்பரில் இன்னொரு 653ஐப் பறிகொடுத்திருந்தால் அது பெரிய குற்றம். சென்னை அரசு அந்த இடத்தை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு கிளையை மூடும் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? இருப்பை எடுக்க வேண்டும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும், ஊழியர்களுக்கு வழி செய்ய வேண்டும், கடைசியில் ஒரு கோடு போட்டுக் கணக்கை முடிக்க வேண்டும். ரயில்வே ஊழியருக்கு வேறு ஸ்டேஷன் கிடைக்கும். சுங்க அதிகாரிக்கு வேறு துறைமுகம் கிடைக்கும். கப்பலுக்கு ராமேஸ்வரம் கிடைத்தது. மூட்டை தூக்கியவருக்கும் கடை வைத்தவருக்கும் மீன் பிடித்தவருக்கும்? வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்பு கிடைத்தது.

மீனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்துவிட்டார்கள். கடல் அங்கேதானே இருக்கிறது? மீனும் அங்கேதான். ஓலையும் கம்பும் வைத்துக் குடிசை போட்டார்கள். மணலைக் கையால் பறித்தால் கொஞ்ச ஆழத்தில் ஊறும் நல்ல தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடித்தார்கள். இரண்டு கடலுக்கு நடுவில் உப்பில்லாத தண்ணீர் கிடைப்பது அதிசயம்தான். சட்டப்படி ஆள் இல்லாத ஊரில் நிஜமாகவே ஆட்கள் இருந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். பல வருஷங்களாக அவர்கள் ராமேஸ்வரம் போய் வர மணலில் ஓடும் வேனைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச் சாலை வந்தது 2017இல். அதாவது புயல் அடித்து 53 வருஷம் கழித்து. அதுவும் யாருக்காக வந்தது என்று கேட்டால், டூரிஸ்ட் வண்டிகளின் வரிசையே பதில் சொல்லிவிடும்.

'பேய் நகரம்' என்று தனுஷ்கோடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு திரில் இருக்கலாம். ஆனால் காலையில் வலை இழுத்துவிட்டு அங்கேயே சோறு பொங்கிச் சாப்பிடுகிற மனிதரின் ஊரைப் பேய் நகரம் என்று சொல்வது என்ன மரியாதை?

அக்கரையில் என்ன நடந்தது?

ராமேஸ்வரம் கப்பலும் நெடுநாள் ஓடவில்லை. 1980களின் முற்பாதியில் இலங்கையில் போர் மூண்டதோடு அது நின்றுபோனது. தலைமன்னார் ரயிலும் 1990இல் போரால் நின்றது. கடலின் இரண்டு கரையிலும் இரண்டு கடைசி ஸ்டேஷன்கள், இரண்டும் மூடிக் கிடந்தன. ஒன்றைப் புயல் அழித்தது, இன்னொன்றைப் போர்.

ஆனால் தலைமன்னார் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் மறுபடி போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமரே அங்கே போய்க் கொடி அசைத்துத் தொடங்கி வைத்தார். கொழும்பிலிருந்து தலைமன்னார் துறை வரைக்கும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. ஜோடியில் ஒன்று பிழைத்துவிட்டது. தனுஷ்கோடி மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுபடி ரயில் வேண்டுமா?

2019 மார்ச் 1 அன்று ராமேஸ்வரம் - தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர், 200 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் மதிப்பீடு. ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் நிலம், கடலோரச் சூழல் என்று ஆட்சேபங்கள் எழுந்தன. ஒரு தண்டவாளமும் இறங்கவில்லை. இதற்கிடையில் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பர் 23 அன்று ரயில் போக்குவரத்து நின்றது. தேதியைப் பாருங்கள். புயல் அடித்த அதே டிசம்பர் 23! புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதே 2025 ஜூனில் தனுஷ்கோடியை ஒட்டிய சுமார் 524 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது.

ரயில் வேண்டும் என்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சுற்றுலா வளரும், வேலை கிடைக்கும் என்கிறார்கள். வேண்டாம் என்கிறவர்கள் சொல்வது, அந்த மணல் திட்டு ரயிலைத் தாங்காது, பறவைகளும் கடலும் கெட்டுப் போகும் என்பது. இரண்டு தரப்பும் பேசும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அந்த ரயில் யாருக்கு? 1914இல் கொழும்புக்காக வந்த ரயில், இந்தத் தடவை செல்ஃபி எடுக்கிறவர்களுக்காக வரப் போகிறதா? அங்கே குடியிருக்கிற மீனவருக்கு அவர் வீட்டு மணலுக்கு ஒரு பட்டா, பிள்ளைக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம், புயல் வந்தால் ஏறி நிற்க ஒரு உறுதியான கட்டடம், இதெல்லாம் 200 கோடிக்குள் வராதா? அவர் ரயிலே கேட்காமலும் இருக்கலாம். 1964 ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரைக் கேட்காமல் பங்கு பிரித்த மாதிரி இதையும் செய்துவிடக் கூடாது.

முடிவாக...

இடிந்த ஸ்டேஷனை அப்படியே பாதுகாக்க வேண்டும். கடல் காற்றில் ஒவ்வொரு வருஷமும் அந்தச் சுவர்களில் கொஞ்சம் உதிர்கிறது. தேய்மானம் எழுதி எழுதிக் கடைசியில் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடும் சொத்து மாதிரிதான் அதுவும்.

அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு பலகை வைக்கலாம். அதில் 115 என்று மட்டும் எழுதாமல், "115 பேரும், டிக்கெட் வாங்காததால் கணக்கில் வராதவர்களும்" என்று எழுத வேண்டும். தகடு கட்டிக் கப்பல் ஏறியவர்களுக்கும் அதில் ஒரு வரி வேண்டும்.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போகிறவர்கள், மாதா கோயிலில் போட்டோ எடுத்த பிறகு, ஒரு ஐந்து நிமிஷம் ஸ்டேஷன் பக்கமும் நடந்து பார்க்கட்டும். "தண்டவாளம் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்டால், "புயலில் போய்விட்டது" என்பதோடு நிறுத்தாமல் மீதிக் கதையையும் சொல்லலாம். பொரித்த மீன் விற்கும் அக்காவிடம் கேட்டால் அவர் இன்னும் நன்றாகச் சொல்வார். அவருக்கு அது பேய் நகரம் இல்லை, சொந்த ஊர்.